கன்னியா ரோட் எப்படி இருக்கு? புற்றுநோய் டொக்டர்களுக்கான ஒரு பயிற்சி பற்றி

மூன்றாம் நாள் மத்தியானம் வரைக்கும் இந்தப் பயிற்சிக்கு ஐந்துக்கு இரண்டு கொடுப்பதாகத்தான் இருந்தேன். அதிலும் ஒன்று கணவாய்க் கறிக்கு.

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் கடற்கரையோரம் ஒரு ஹோட்டல் மண்டபம். மூன்று நாள் நேரடி வகுப்பு, பிறகு பத்து வாரம் சூமில். கட்டணம் 20,000 ரூபாய், சாப்பாடும் சேர்த்து. விளம்பரத்தில் ‘புற்றுநோய்ச் சிகிச்சையில் ஈடுபடும் மருத்துவர்களுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்புப் பயிற்சி’ என்று போட்டிருந்தார்கள். எங்கள் கிளினிக் மிஸ்ஸி, அதாவது தாதி, அதை வாசித்துவிட்டு, “இது காய்ச்சல், தடிமனுக்கோ டொக்டர்?” என்று கேட்டார். பலியேட்டிவ் கெயார் என்று சொன்னதும், “ஓ, கடைசி நேரத்துக்கோ” என்றார். இரண்டும் பிழை. கடும் வருத்தக்காரரின் நோவையும் மற்ற அவதிகளையும் தொடக்கத்திலிருந்தே தணிக்கிற பராமரிப்பு அது. ஆனால் இரண்டாவது பிழையில் மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவருக்குத் துணை என்பது முதல் நாளே தெரிந்தது.

நடத்தியவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளை அவர்களுக்கே நேரடியாக எழுதி அனுப்பிவிட்டேன். துறையில் இருப்பவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று விளங்கும்.

பதினான்கு வருடமாகப் புற்றுநோய் கிளினிக்கில் வேலை செய்கிறவள் இப்போது ஏன் பாடம் படிக்கப் போனேன் என்றால், ஒரு பஸ் சாரதியால்தான். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். இலங்கைப் போக்குவரத்துச் சபையில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது. மகன் என்னைக் கதவடியிலேயே மறித்தார். “டொக்டர், அப்பாவுக்கு அல்சர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டார்.” நானும் தலையாட்டினேன். உள்ளே போய் நோ எப்படி, சாப்பாடு எப்படி, நித்திரை எப்படி என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் “பரவாயில்லை பிள்ளை” என்பதுதான் பதில். ஃபைலை மூடும் நேரத்தில் ஐயா கேட்டார்: “பிள்ளை, கன்னியா ரோட் இப்ப எப்பிடி இருக்கு?”

பஸ் ஓட்டினவர்தானே. “நல்லாக் காபட் போட்டிருக்கு ஐயா” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

திருகோணமலைக்காரருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரருக்காக: கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்தான் எங்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை செய்வார்கள். இராவணன் தன் தாயின் கிரியைக்காக வாளால் ஏழு இடத்தில் குத்தி உண்டாக்கிய கிணறுகள் என்பது கதை. ஐயா ரோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அது விளங்கியது, இரண்டு மாதம் கழித்து மகன் அந்தியேட்டி அழைப்பிதழோடு கிளினிக்குக்கு வந்தபோதுதான். காலையில் கன்னியாவில் கிரியை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு என்று அதில் அச்சடித்திருந்தது. அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். விளம்பரம் வந்தது அதற்கு அடுத்த கிழமை.

சரி, பயிற்சிக்கு வருகிறேன்.

முதல் நாள் குத்துவிளக்கு, நாலு உரை, குளிரூட்டி 18இல். ப்ரொஜெக்டருக்காகத் திரையை இழுத்து மூடியதால் கடல் இருந்த பக்கமே தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் போட்டார்கள்: ஆண்டுதோறும் இந்தப் பராமரிப்புத் தேவைப்படுவோர் சுமார் 5 கோடி 68 இலட்சம் பேர், கிடைப்பது அவர்களில் 14 வீதமானோருக்கு மட்டும். இந்த மாதிரிக் கணக்குகளைக் கேட்டால் தேநீர் எப்போது வரும் என்றுதான் எனக்கு யோசனை ஓடும்.

அடுத்து வந்த ஸ்லைட் அப்படியில்லை. 2010இல் பொஸ்டனில் இருந்து வெளியான ஆய்வு. பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேர். ஒரு பகுதியினருக்கு வழமையான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும். மற்றப் பகுதியினருக்கு அதே சிகிச்சையோடு, நோய் கண்டுபிடித்த கையோடேயே பலியேட்டிவ் குழுவையும் சேர்த்துவிட்டார்கள். இரண்டாம் பகுதியினருக்கு மனச்சோர்வு குறைவு, அன்றாட வாழ்க்கை மேல், கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. அப்படியிருந்தும் அவர்கள் வாழ்ந்த காலம், இடைநிலைக் கணக்கில், 11.6 மாதம். மற்றவர்கள் 8.9 மாதம். இதை நான் முன்பே வாசித்திருக்கிறேன். வாசித்து என்ன, என் ஃபைல்களில் ‘பலியேட்டிவ்’ என்று நான் எழுதுகிற நாளும் கீமோவை நிறுத்துகிற நாளும் ஒன்றுதான். பக்கத்தில் இருந்த மட்டக்களப்பு டொக்டரிடம் மெல்லக் கேட்டேன். அவரும் அப்படித்தானாம்.

அன்று மிச்சமெல்லாம் வரைவிலக்கணம், சட்டம், நெறிமுறை. ஸ்லைடில் இருந்ததையே வாசித்தார்கள். நான் முதலில் சொன்ன கணவாய்க் கறி இந்த நாளில்தான்.

இரண்டாம் நாள் மோர்ஃபின். நடத்தியவர் ஒரு மருந்தாளர். பேச்சுத் தொடங்க முதலே ஆளுக்கொரு கடதாசி தந்தார். வயது 62, பரசிட்டமோலும் ட்ரமடோலும் போதவில்லை, நோ பத்துக்கு எட்டு, மருந்து எழுதுங்கள். நான் மோர்ஃபின் 5 மில்லிகிராம், நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வாயால், இடையில் நோ கிளம்பினால் கூடுதலாக இன்னொரு 5 என்று எழுதினேன். நாள் முழுவதுக்கும் 30, இடையில் கொடுப்பது அதில் ஆறிலொன்று, 5. கணக்குச் சரி. எனக்குக் கிடைத்தது பூச்சியம். மலமிளக்கி எழுதவில்லை. மோர்ஃபின் எழுதும் கையே மலமிளக்கியையும் எழுத வேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய வாக்கு. தூக்கமும் குமட்டலும் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும், மலச்சிக்கலுக்கு உடம்பு பழகுவதே இல்லை. என் நோயாளிகள் ஏன் ஐந்தாம் நாள் குளிசையை நிறுத்திவிட்டு “ஒத்துக்கொள்ளேல்லை டொக்டர்” என்று வருகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. மண்டபத்தில் இருபத்துநாலு பேர், பூச்சியம் வாங்கியவர்கள் பதினேழு.

வலிக்கான படிமுறையையும் காட்டினார்கள், சாதாரண வலிமருந்தில் தொடங்கி மோர்ஃபின் வரை மூன்று படி, 1986இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. வாயால் கொடு, நேரப்படி கொடு. 2018இல் வந்த வழிகாட்டியில் அந்தப் படிகள் ஒரு பொதுவான வழிகாட்டல்தான், ஒவ்வொரு படியாக ஏறித்தான் போக வேண்டும் என்ற விதி அல்ல என்று வந்துவிட்டது. அதை யாரோ ஒருவர் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். அச்சடித்துத் தந்த கையேட்டில் அது இல்லை.

‘நேரப்படி’ என்ற சொல்லில்தான் அன்றைய நல்ல பேச்சு பிறந்தது. கிண்ணியாப் பக்கம் வேலை செய்கிற ஒரு டொக்டர் எழும்பித் தன் பிழையைச் சொன்னார். ஒரு மீனவருக்கு மோர்ஃபின் கொடுத்தபோது, மறக்காமல் இருக்கட்டும் என்று, “ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் ஒண்டு போடுங்க” என்று சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான், பள்ளிவாசல் பாங்கு எல்லோர் காதிலும் விழும். ஆனால் அஸர், மஃரிப், இஷா மூன்றும் பின்னேரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வந்துவிடும். இஷாவுக்குப் பிறகு அதிகாலை சுபஹ் வரைக்கும் ஒன்றுமே இல்லை. மனுசன் மாலையில் மயங்கிக் கிடப்பார், சாமத்தில் கத்துவார். மகள்மாருக்கு அது மருந்தின் குணம் என்று நினைப்பு. பிறகு ஃபோனில் அலாரம் வைத்து, காலை ஆறு, பத்து, இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று மாற்றினார்களாம். இரவு பத்துக்கு இரட்டிப்பு, சாமத்தில் ஆளை எழுப்பத் தேவையில்லை. எந்தக் கையேட்டிலும் இப்படி ஒரு பாடம் இராது.

பின்னேரம் ஒரு கால்மணி நேரம் எலும்புக்குப் பரவிய புற்றின் நோவுக்குக் கதிர்வீச்சு. சிக்கல் இல்லாத எலும்பு நோவுக்கு ஒரே தடவையில் 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தாலும், பத்துத் தடவையாகப் பிரித்து 30 கிரே கொடுத்தாலும் நோ குறைவது ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரே தடவை கொடுத்தவர்களில் கூடுதலானோருக்குப் பிறகு மறுபடி கொடுக்க வேண்டி வரலாம், வித்தியாசம் அவ்வளவே. எங்கள் நோயாளிகள் கதிர்வீச்சுக்கு மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ மகரகமைக்கோ பஸ் ஏறுகிறவர்கள். முள்ளந்தண்டில் நோவோடு மூதூரில் இருந்து பத்துத் தடவை போவதற்கும் ஒரு தடவை போவதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதற்கு ஒரு மணித்தியாலமாவது கொடுத்திருக்க வேண்டும். சட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்களே.

மூன்றாம் நாள் பேச்சுப் பயிற்சி. கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படி வைத்த ஒரு முறை உண்டு, 2000இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த மருத்துவர்கள் எழுதியது. இடத்தை ஒழுங்கு செய், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு அறிய விருப்பம் என்று கேள், சொல், அழுகைக்கும் கோபத்துக்கும் முகம் கொடு, அடுத்தது என்ன என்று பேசி முடி. முதல் படியிலேயே சிரிப்பு. தனி அறையாம், கதவை மூடவேண்டுமாம், இருந்து பேசவேண்டுமாம். எங்கள் கிளினிக்கில் ஒரு மேசைக்கு இரண்டு டொக்டர், நாலு நோயாளி. கதவு இருக்கிறது, ஆனால் எப்போதும் அதற்குள் யாருடைய தலையாவது இருக்கும்.

நோயாளியாக நடிக்க ஒரு ஓய்வுபெற்ற நாடக ஆசிரியரைக் கூட்டி வந்திருந்தார்கள். காலை முழுவதும் அவரை ஆங்கிலத்தில் நடிக்கவைத்தார்கள். நாங்களும் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று தொடங்குகிற அந்த ஆங்கில வாக்கியத்தை ஆளாளுக்கு ஒப்புவித்தோம். எல்லோரும் நன்றாகச் செய்தோம். அதுதான் எனக்குச் சந்தேகம் வந்த இடம். ஆங்கிலத்தில் சொல்லும்போது எவருக்கும் நாக்குத் தடுமாறவில்லை. ‘மெட்டாஸ்டசிஸ்’ என்று சொல்வதற்கும் ‘புற்று ஈரலுக்குப் பரவிட்டுது ஐயா’ என்று ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! என் பதினான்கு வருடத்தில் ஆங்கிலத்தில் ஒரு நோயாளியிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். கேரளத்தில் இருந்து வந்திருந்த பயிற்சியாளர் கேட்டுக்கொண்டிருந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் வரும், ஆனால் பாதி மலையாளம். “மத்தியானம் தமிழில் செய்வோம்” என்றார். முதலில் தானே போய் நாடக ஆசிரியருக்கு எதிரில் இருந்தார்.

“வேதனை உண்டா?”

மலையாளத்தில் வேதனை என்றால் நோ. எங்கள் ஊரில் வேதனை என்றால் மனக்கவலை. நாடக ஆசிரியர் ஒரு பெருமூச்சு விட்டார். “வேதனை இல்லாமலோ. கனடாவில இருக்கிற மகள் ரெண்டு மாசமாக் கதைக்கேல்லை.” மண்டபம் சிரித்தது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை. அந்த மகளைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் முதுகு நோவுக்கு வந்தார். முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பிச் சிசிலி சாண்டர்ஸின் கதையைச் சொன்னார். முதலில் தாதி, பிறகு ஆஸ்பத்திரிச் சமூக சேவையாளர், அதன் பிறகு படித்து டொக்டரானவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸ் என்ற, கடைசிக் காலத்து நோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கியவர். உடம்பு நோ, மனக்கவலை, குடும்பம், காசு, கடவுள் எல்லாம் சேர்ந்த ‘முழு நோ’ என்று ஒன்றைச் சொன்னவர் அவர்தான். “நான் பிழையான வார்த்தை சொன்னேன், ஆனால் சரியான கேள்வி கேட்டுவிட்டேன்” என்றார் பயிற்சியாளர்.

அடுத்து ஒரு சிங்கள டொக்டர், வேலைக்கு வந்து ஆறு மாதம். “நோகுதா?” என்று அழகாகக் கேட்டார். “உளையுது தம்பி. ராவில எரியுது, கரண்ட் அடிச்ச மாதிரி” என்று பதில் வந்ததும் விழித்தார். கேள்வி தெரியும், பதில் தெரியாது. அந்தப் பதிலில்தான் மருந்தே இருக்கிறது. எரிவும் கரண்டும் என்றால் நரம்பு நோ, அதற்கு அமிட்ரிப்டிலின் மாதிரி வேறு குளிசை சேர்க்க வேண்டும். அன்று பின்னேரமே நாலு பேர் சேர்ந்து உளைவு, எரிவு, குத்து, கடுப்பு, விறைப்பு, விண் விண் என்று ஒரு பட்டியல் எழுதி, சிங்களத்தில் விளக்கமும் போட்டுக் கொடுத்தோம். அதன் பிரதி இப்போது எங்கள் கிளினிக் சுவரிலும் இருக்கிறது.

பிறகு என் முறை. சாப்பாட்டு மேசையில் நான் சொன்ன பஸ் சாரதியின் கதையைப் பயிற்சியாளர் நாடக ஆசிரியரின் காதில் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. எல்லாம் வழக்கம்போலப் போனது, பரவாயில்லை பிள்ளை, பரவாயில்லை பிள்ளை. நான் எழும்பப் போகிற நேரம் அவர் கேட்டார், “கன்னியா ரோட் இப்ப எப்பிடி இருக்கு?”

ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம் சும்மா இருந்தேனோ தெரியாது. பிறகு, “ஏன் ஐயா கன்னியாவை நினைச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“மகன் அல்சர் எண்டுறான். அவன் பாவம். எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் உடைஞ்சு போவான். அதுதான் ஒண்டும் தெரியாத மாதிரி இருக்கிறன்.”

எழுதிக் கொடுத்த வசனம் அல்ல, அவராகப் பேசியது. குளிரூட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கடற்கரை வெயிலில் ஐந்து நிமிடம் நின்றேன்.

திரும்பி வந்தபோது கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நிற்கிற மகனை என்ன செய்வது என்று யாரோ கேட்டிருந்தார்கள். பயிற்சியாளர் சொன்னதை எழுதிக்கொண்டேன். மகனை எதிரியாக்காதே. “உண்மையைச் சொல்வது என் கடமை” என்று அவரிடம் வீரம் பேசாதே. முதலில் அவரை இருத்தி, அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேள். அப்பா உங்களிடம் ஏதாவது கேட்டாரா, அவருக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள் என்று கேள். நானாக எதையும் திணிக்கமாட்டேன், அவராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடு. பிறகு அனுமதி வாங்கிக்கொண்டு அப்பாவிடம், வருத்தத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேள். பத்து நிமிடத்தில் மணி அடித்துவிட்டார்கள். என் பெரிய குறை இதுதான். அமெரிக்கப் படிகளுக்குக் காலை முழுவதும், எங்கள் வாசலில் நிற்கிற மகனுக்குக் கேள்வி நேரத்தில் பத்து நிமிடம்.

சூம் வகுப்புகள் செவ்வாய் இரவு ஏழரைக்கு. பத்தில் மூன்றை வேலையால் தவறவிட்டேன், இரண்டில் தூங்கிவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் மொத்தக் கட்டணத்துக்கும் போதும். அதில் ஆலோசனை கேட்க நான் எடுத்துச் சொன்ன நோயாளி, வெற்றிலை பாக்குப் போட்டுக் கன்னத்தில் புற்று வந்த ஒரு உம்மா. எங்கள் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. புண் கன்னத்தைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. நாற்றம் தாங்காமல் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதில்லை, அவரும் சாப்பாட்டுக்குக் கூட வெளியே வருவதில்லை. மெட்ரோனிடசோல் குளிசையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவச் சொன்னார்கள். நாற்றத்துக்குக் காரணமான, காற்றில்லாமல் வளரும் கிருமிகளை அது அடக்கும். எந்த ஃபார்மசியிலும் சல்லிக் காசுக்குக் கிடைக்கிற குளிசை. அடுத்த கிளினிக்குக்கு மகள் தனியாக வந்தார். உம்மா முன் விறாந்தையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாவாம், பஸ்ஸில் வர மனமில்லையாம். எத்தனை வருடம் அன்டிபயோடிக் எழுதிய கை இது, பொடி செய்யச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு குறை. தாதியர் ஒருவரையும் கூப்பிடவில்லை. கிளினிக்கில் நோயாளி உண்மையைச் சொல்வது மிஸ்ஸியிடம்தான், எங்களிடம் “பரவாயில்லை” மட்டும்தான் வரும். அடுத்தது, கேரளத்தில் இருந்து ஆளைக் கூட்டி வந்துவிட்டு, கேரளத்தைப் பற்றி அவரைப் பேசவிடவில்லை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய ஒரு சிறிய கிளினிக், பிறகு அயலட்டைத் தொண்டர்களைச் சேர்த்து வீடு வீடாகப் போய், 2008இல் மாநில அரசே இதற்கென்று ஒரு கொள்கை வெளியிடும் அளவுக்கு வந்த கதையைத் தேநீர் இடைவேளையில் நின்றபடி கேட்டோம். எங்கள் ஊரில் மரணாதார சங்கம் இல்லாத இடம் குறைவு. கதிரை, கூடாரம், தேநீர், பறை எல்லாம் தானாக வந்து சேரும், ஆள் செத்த பிறகு. அதே ஆட்களை மூன்று மாதம் முன்பே அந்த வீட்டுக்குப் போக வைப்பது எப்படி என்று அவரிடம் ஒரு மணித்தியாலம் கேட்டிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஒன்றரை கூடியது முழுக்க மூன்றாம் நாள் மத்தியானத்தால். கீமோ எழுதுகிற டொக்டர் என்றால் போங்கள், குறிப்பாக “எனக்கு மோர்ஃபின் எழுதத் தெரியும்” என்று நினைப்பவர்கள். மிஸ்ஸியைச் சேர்க்கச் சொல்லிச் சண்டை பிடியுங்கள், அடுத்த முறை யோசிப்பதாக எனக்குப் பதில் வந்திருக்கிறது. ஸ்வெட்டர் ஒன்று எடுத்துப் போங்கள். அந்த நாடக ஆசிரியர் மறுபடி வந்திருந்தால், தமிழில் கேளுங்கள்.